முதுகுக்குப் பின்னால் ஒரு விளக்கு

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை தரலாம் என்ற அறிவிப்பைப் பலகையில் கண்டதும் வகுப்பு நண்பர்கள் ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் சந்திரயானைப் பற்றி எழுதுகிறான். இன்னொருவன் கருந்துளையைப் பற்றி எழுதுகிறான். எனக்கு வானத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் பிரேக் விளக்கு ஸ்விட்ச் ஒன்றைப் பொருத்திய கதையைத்தான் நான் எழுதப்போகிறேன்.

இதற்கு ஒரு கட்டுரையா என்று நகைக்க வேண்டாம், நண்பர்களே! இரண்டு பேர் சாப்பிடும் காசுக்குள் அடங்கிவிடும் அந்தச் சிறு பொருள் இல்லாமல் போனதால் என் அண்ணனின் மணிக்கட்டு முறிந்தது. அவன் இரண்டு ஆண்டுகளாகக் கண்ட கனவு ஒன்று தள்ளிப்போனது. அதற்குக் காரணம் வேறு யாருமல்லர், நானேதான். ஆகவே இதை எழுதும் கடமையும் எனக்கே உண்டு.

எங்கள் ஊர் வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையில் இருக்கிறது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே வர 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளைக் கடந்து மேலே வந்தபின் தார்ச்சாலையை விட்டு இறங்கினால், மிளகுக் கொடியும் காப்பிச் செடியும் பலா மரமும் நிறைந்த தோட்டங்களுக்கு ஒற்றையடி மண்பாதைதான். மழைக்காலத்தில் அப்பாதையில் மனிதன் நடப்பதே வித்தை. அங்கே மூட்டை சுமக்க என் சித்தப்பா ஒரு பழைய 100 சி.சி. மோட்டார் சைக்கிளைக் காட்டு வண்டியாக மாற்றி வைத்திருந்தார். பட்டன் டயர் போட்டார். பின் சக்கரத்தின் பல்சக்கரத்தைப் பெரியதாக்கினார். சேறு அடைக்கிறதென்று இரும்பு மட்கார்டைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் மட்கார்டை உயரமாக வைத்தார். பாட்டரியையும் பின்விளக்கையும் கழற்றி ஒரு சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டார். முன்விளக்கு மட்டும் மிஞ்சியது. அது இன்ஜினிலுள்ள மேக்னெட்டோவிலிருந்து நேராக எரிவதால் அதற்குப் பாட்டரி வேண்டியதில்லை.

"ஏன் சித்தப்பா பின்னால லைட்டு இல்ல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"காட்டுக்குள்ள பன்னிக்கும் முயலுக்குமாடா பிரேக் லைட்டுக் காட்டப்போறோம்?" என்று சிரித்தார்.

அவர் சொன்னதில் தவறில்லை. காட்டு வண்டி காட்டிலேயே இருந்தவரை அதற்கு அந்த விளக்கு தேவைப்படவில்லை. தவறு பிறகுதான் நேர்ந்தது. நான் இக்கல்லூரியில் சேர்ந்து விடுதியில் தங்கியபின், வார இறுதியில் ஊருக்கு வந்து திங்கட்கிழமை காலை திரும்புவதற்கு அந்த வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். காட்டு வண்டி நாட்டுக்கு வந்தது. விளக்கு மட்டும் பரணிலேயே இருந்தது.

என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு அப்போது ஆயத்தமாகிக்கொண்டிருந்தான். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். 1500 மீட்டர் ஓட்டம், கயிறு ஏறுதல் ஆகியவற்றுக்குப் பயிற்சி எடுக்க நாமக்கல் மைதானத்துக்குத் தன் மொபெட்டில் வருவான். திங்கட்கிழமைகளில் இருவரும் முன்னும் பின்னுமாக மலையிறங்குவோம். ஒருமுறை கீழே இறங்கித் தேநீர் குடிக்கும்போது அவன், "தம்பி, உன் வண்டிக்குப் பின்னால லைட்டே இல்லையேடா, பாத்துக்க" என்றான். "போட்டுக்கலாம்ண்ணே" என்றேன். அந்த வாரம் போடவில்லை. அடுத்த வாரமும் போடவில்லை.

நான் முதலாண்டு படித்த ஐப்பசி மாதம் அது. விடியற்காலையில் தூறலும் மூடுபனியுமாக இருந்தது. இருவரும் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில்தான் இறங்கினோம். எங்களுக்கிடையே பத்து மீட்டர் இடைவெளி இருந்திருக்கும். ஒரு வளைவில் கீழிருந்து பேருந்து ஏறி வந்தது. பேருந்து திரும்ப முழுச் சாலையும் வேண்டும் என்பதை அறிந்த நான் இரண்டு பிரேக்கையும் பிடித்து ஓரமாக நின்றேன். மறுகணம் பின்னால் ஒரு சத்தம். என் வண்டி முன்னே தள்ளப்பட்டது. திரும்பிப் பார்த்தபோது மொபெட் சாலையில் கிடந்தது. அண்ணன் இடது கையைப் பிடித்துக்கொண்டு கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்திருந்தான்.

அவன் என்னைத் திட்டவில்லை. "நீ பிரேக் புடிச்சது எனக்குத் தெரியலடா தம்பி" என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தால் நான் இவ்வளவு நாள் அதை நினைத்துக்கொண்டிருக்கமாட்டேன்.

மணிக்கட்டு முறிவுக்கு மாவுக்கட்டு போட்டார்கள். உடற்தகுதித் தேர்வு நாளன்று அவன் கை கட்டோடுதான் இருந்தது. ஒரு கையால் கயிறு ஏற முடியுமா?

விடுதிக்குத் திரும்பிய அன்றிரவு நோட்டில் ஒரு கணக்குப் போட்டேன். மணிக்கு 25 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர். நான் பிரேக் பிடித்த செய்தி அரை வினாடி முன்னதாக அவனுக்குக் கிடைத்திருந்தால் மூன்றரை மீட்டர் மிச்சப்பட்டிருக்கும். மொபெட்டின் நீளத்தைவிட அது அதிகம். தேர்வில் எத்தனையோ முறை போட்ட வேக, தூரக் கணக்குதான் இது. ஆனால் விடை வந்ததும் கை நடுங்கியது அன்று ஒருநாள்தான்.

அடுத்த வாரம் பரண்மேல் இருந்த சாக்கை இறக்கினேன்.

நிற்க. பிரேக் விளக்கைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். நிற்கப்போகிறேன் என்பதைப் பின்னால் வருபவருக்கு அறிவிக்கும் எண்ணம் பழையது. மௌனப்படக் காலத்து நடிகை புளோரன்ஸ் லாரன்ஸ், பிரேக்கை மிதித்தால் காரின் பின்னால் "நில்" என்னும் பலகை எழும்பும்படி 1914 வாக்கில் ஓர் அமைப்பை உருவாக்கினார் என்பர். இன்று அது வசதி மட்டுமன்று, சட்டமும் ஆகும். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், பிரேக்கை இயக்கினால் வண்டியின் பின்புறம் சிவப்பு விளக்கு எரியவேண்டும் என்கின்றன. சட்டம் காட்டுப் பாதையில் என்னைத் தேடி வரவில்லை. ஆனால் தார்ச்சாலையில் ஏறியபோது நான் அதை நினைத்துப் பார்த்திருக்கவேண்டும்.

விளக்கின் அமைப்பு எளியது. பின்விளக்கின் பல்புக்குள் இரண்டு இழைகள் உண்டு. 5 வாட் இழை இரவில் தொடர்ந்து எரிவதற்கு. 21 வாட் இழை பிரேக் பிடிக்கும்போது மட்டும் எரிவதற்கு. இழைகள் மாறிவிடாதிருக்கப் பல்பின் அடியிலுள்ள இரு ஆணிகளையும் வெவ்வேறு உயரத்தில் வைத்திருப்பார்கள். பல்பு ஹோல்டருக்குள் போகவில்லை என்றால் பலம் காட்டாமல் திருப்பிப் போட்டுப் பார்க்கவேண்டும்.

ஸ்விட்ச்சுகளும் இரண்டு. முன் பிரேக் பிடியின் அடியில் ஒரு சிறு பொத்தான் ஸ்விட்ச் இருக்கும். பிடி சும்மா இருக்கும்போது அது பொத்தானை அழுத்திச் சுற்றைத் திறந்தே வைத்திருக்கும். பிடியை இழுத்தால் பொத்தான் வெளியே வந்து சுற்று மூடும். பின் பிரேக் பெடலுக்கு இழுவை ஸ்விட்ச். பெடலிலிருந்து ஒரு மெல்லிய ஸ்பிரிங் அதன் நாக்கைப் பிடித்திருக்கும். மிதித்தால் ஸ்பிரிங் இழுக்கும், சுற்று மூடும். இரண்டையும் பக்க இணைப்பில் தரவேண்டும். அப்போதுதான் எந்தப் பிரேக்கைப் பிடித்தாலும் விளக்கு எரியும். தொடர் இணைப்பில் தந்துவிட்டால் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் எரியும். முதலாண்டுச் செய்முறை வகுப்பில் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்ட பாடம் இதுதான்!

சேந்தமங்கலத்தில் ஓர் ஒயரிங் கடையில் புதிய 12 வோல்ட் பாட்டரி, இழுவை ஸ்விட்ச், பல்பு, ஃபியூஸ், சில கஜம் ஒயர் எல்லாம் வாங்கினேன். கடைக்காரர் மலைப்பாதை வண்டிகளைப் பார்த்துப் பழகியவர். "தம்பி, ஒயர எளக்கமா விடுங்க. ஹேண்டில இந்தக் கோடி அந்தக் கோடி திருப்பிப் பாத்துட்டு அப்பறம் கட்டுங்க. ஸ்விட்ச்ச அட்ஜஸ்ட் பண்றப்ப நட்டத் திருப்பணும், ஸ்விட்ச்சத் திருப்பக்கூடாது. திருப்புனா ஒயரு முறுக்கிட்டு அந்துரும்" என்று மூன்று பாடங்களைக் கட்டணமின்றிச் சொல்லிக்கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வேலை நடந்தது. பாட்டரியின் நேர்முனையிலிருந்து ஃபியூஸ், அங்கிருந்து சாவி ஸ்விட்ச், அதன்பின் இரு பிரேக் ஸ்விட்ச்சுகள், அவற்றிலிருந்து ஒரே ஒயராகப் பின்விளக்கின் 21 வாட் இழைக்கு இணைப்புத் தந்தேன். இணைப்புகளை முறுக்கி விடாமல் ஈயப்பற்று வைத்து ஸ்லீவ் போட்டேன். 5 வாட் இழைக்கு முன்விளக்குடன் சேர்ந்து எரியும் மேக்னெட்டோ ஒயர் ஏற்கெனவே அங்கே இருந்தது. விளக்கைப் பிளாஸ்டிக் மட்கார்டில் அழகாக முடுக்கினேன். வீட்டார் எல்லோரும் கூடிவிட்டார்கள். சாவியைப் போட்டுப் பெடலை மிதித்தேன்.

எரியவில்லை!

ஃபியூஸ் சரியாகவே இருந்தது. பல்பைக் கழற்றி நேராகப் பாட்டரியில் வைத்தேன், எரிந்தது. டெஸ்ட் லாம்ப்பின் ஒரு முனையைச் சேஸிஸில் வைத்து மறுமுனையால் ஹோல்டரைத் தொட்டேன். பெடலை மிதித்தால் மின்சாரம் அங்கே ஒழுங்காக வந்தது. பல்பும் நன்று, மின்சாரமும் வருகிறது, ஆனால் வெளிச்சம் மட்டும் இல்லை. எரிச்சலில் தற்செயலாக முன்விளக்கின் ஸ்விட்ச்சைத் தட்டினேன். பின்னால் நின்ற தங்கை, "அண்ணா, லேசா எரியுது!" என்றாள். முன்விளக்கு ஸ்விட்ச்சைப் போட்டுப் பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு மங்கலாகக் கண் விழிக்கிறது. ஸ்விட்ச்சை அணைத்தால் அதுவும் இல்லை. இன்ஜினோ ஓடவே இல்லை. பேய் பிடித்த வண்டி என்றார் பாட்டி. எனக்கும் ஏறக்குறைய அதே எண்ணந்தான்.

திங்கட்கிழமை சுற்றுப்படத்தை வரைந்து எடுத்துக்கொண்டு எங்கள் துறைப் பேராசிரியரிடம் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியை உயர்த்திக்கொண்டு படத்தைப் பார்த்தார். பிறகு பென்சிலை என் கையில் கொடுத்தார்.

"ஏம்ப்பா, மின்னோட்டம் எங்கிருந்து வருகிறது என்று ரொம்ப அழகாக வரைந்திருக்கிறாய். அது எப்படித் திரும்பிப் போகிறது என்று வரையவில்லையே?"

"சேஸிஸ் வழியாக, ஐயா."

"ஹோல்டரிலிருந்து சேஸிஸுக்கு எப்படிப் போகும்?"

"மட்கார்டு வழி..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டேன். பழைய மட்கார்டு இரும்பு. புதியது பிளாஸ்டிக்! மின்சாரத்துக்கு வரும் வழி இருந்தது, போகும் வழி இல்லை.

பேராசிரியர் விடவில்லை. அந்த மங்கல் வெளிச்சத்துக்கும் விளக்கம் கேட்டார். இருவரும் படத்தில் விரலை ஓட்டிப் பார்த்தோம். போக்கிடம் இல்லாத மின்னோட்டம் 21 வாட் இழையைக் கடந்து, ஹோல்டரின் பொது உலோகத்துக்கு வந்து, அங்கிருந்து 5 வாட் இழைக்குள் நுழைந்து, அதன் ஒயர் வழியே முன்விளக்கு ஸ்விட்ச்சைக் கடந்து, மேக்னெட்டோவின் சுருளுக்குள் புகுந்து, சுருளின் மறுமுனை வழியாகச் சேஸிஸை அடைந்திருக்கிறது. கொல்லைப்புறமாக வீட்டுக்குப் போயிருக்கிறது! முன்விளக்கு ஸ்விட்ச்சை அணைத்தால் அக்கொல்லைக் கதவும் மூடிவிடுகிறது. பேய் என்று பாட்டி சொன்னது இதைத்தான்.

கணக்கும் போட்டோம். 12 வோல்ட்டில் 21 வாட் இழையின் மின்தடை ஏறத்தாழ 7 ஓம். 5 வாட் இழையின் மின்தடை ஏறத்தாழ 29 ஓம். இரண்டும் தொடரில் சேர்ந்தால் 12 வோல்ட்டில் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல்தான் பிரேக் இழைக்குக் கிடைக்கும். குளிர்ந்த இழையின் தடை இன்னும் குறைவாதலால் உண்மையில் அதைவிடவும் குறையும். அது எப்படி எரியும்? நாங்கள் கண்ட மங்கல் ஒளி அண்டை வீட்டுக்காரனான 5 வாட் இழையின் ஒளிதான். கிர்க்காஃப் தம் விதிகளை வெளியிட்டது 1845இல். அவை என் சித்தப்பாவின் வண்டியிலும் குறைவின்றி நடந்துகொண்டிருந்தன.

மருந்து ஒரு முழம் ஒயர்தான். ஹோல்டரின் உலோகத்திலிருந்து சேஸிஸின் ஒரு போல்ட்டுக்குத் தனியாக எர்த் ஒயர் இழுத்தேன். போல்ட்டின் அடியிலிருந்த வண்ணத்தை வெள்ளை உலோகம் தெரியும்வரை சுரண்டினேன். பெடலை மிதித்ததும் பின்சுவரெல்லாம் சிவந்தது. தங்கை கைதட்டினாள்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் ஒரு பாதிதான் கற்றிருப்பேன். மூன்று வாரம் கழித்து வண்டியின் ஹாரன் முனகத் தொடங்கியது. பாட்டரி மோசம் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். காரவள்ளியில் ஒரு லாரி ஓட்டுநர் வண்டியை என் பக்கத்தில் நிறுத்தித் தலையை நீட்டினார். "தம்பி, மேல இருந்து பாக்குறேன், ஒன் பிரேக் லைட்டு எரிஞ்சிக்கிட்டே இருக்கு. நீ எங்க நிக்கிற, எங்க போறன்னே தெரியல" என்றார்.

குனிந்து பார்த்தேன். தோட்டத்துச் சேறு ஸ்பிரிங்கிலும் ஸ்விட்ச்சின் நாக்கிலும் காய்ந்து இறுகி, ஸ்விட்ச்சை இழுத்தபடியே வைத்திருந்தது. மேக்னெட்டோ பாட்டரிக்குக் கொடுத்ததையெல்லாம் அந்த விளக்கே தின்றுகொண்டிருந்தது. புலி வருது, புலி வருது என்று கத்திய சிறுவனின் கதை நமக்குத் தெரியும். எப்போதும் எரியும் பிரேக் விளக்கும் அப்படித்தான். உண்மையில் நிற்கும்போது அதை யாரும் நம்பமாட்டார்கள். எரியாத விளக்குக்கும் அணையாத விளக்குக்கும் பின்னால் வருபவனைப் பொறுத்தவரை வேறுபாடு இல்லை.

ஸ்விட்ச்சைச் சேறு தெறிக்காத உயரத்துக்கு மாற்றினேன். பழைய டியூப்பை வெட்டி அதற்கு ஓர் உறை செய்தேன். தண்ணீர் தேங்காமல் வடிய உறையின் அடிப்பக்கத்தைத் திறந்து விட்டேன். பெடலின் வெற்றசைவு தீர்ந்து பிரேக் பிடிக்கத் தொடங்கும் இடத்திலேயே விளக்கு எரியும்படி நட்டைத் திருப்பி வைத்தேன். காட்டிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறும் இடத்தில் இறங்கி, துணியால் துடைத்து, ஒருமுறை மிதித்துப் பார்ப்பது வழக்கமாயிற்று.

மிதித்துப் பார்ப்பது என்று எழுதிவிட்டேன். பார்ப்பது எப்படி? சுவரோ பாறையோ இருந்தால் அதில் சிவப்பு விழுகிறதா என்று பார்க்கலாம். வேகமானியைப் பார்க்கிறோம், முன்விளக்கின் ஒளி எதிரே விழுவதைப் பார்க்கிறோம், ஹாரன் நம் காதிலேயே ஒலிக்கிறது. ஆனால் ஓட்டிச் செல்லும்போது இந்த ஒரு விளக்கை மட்டும் வண்டிக்குரியவன் காண்பதில்லை. அது பழுதானால் அவனுக்கு எந்தத் தொல்லையும் இல்லை. வண்டி ஓடும், பிரேக் பிடிக்கும், அவன் பத்திரமாக நிற்பான். அதனால்தான் "போட்டுக்கலாம்ண்ணே" என்று என்னால் இரண்டு வாரம் சொல்ல முடிந்தது. என் முன்விளக்கு கெட்டிருந்தால் ஒரே இரவில் சரிசெய்திருப்பேன் அல்லவா? நம் சௌகரியத்துக்கான பழுதுகளை உடனே பார்க்கிறோம். பிறர் உயிருக்கான பழுதுகளைப் பிறர் சொன்னால்தான் அறிகிறோம். சொன்ன பிறகும் ஒத்திப்போடுகிறோம்.

அண்ணனின் கட்டைப் பிரித்தபோது இடது மணிக்கட்டு பழையபடி வளையவில்லை. மாதக்கணக்கில் ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து பயிற்சி செய்தான். அடுத்த தேர்வுக்கு மறுபடியும் எழுதுகிறான், மறுபடியும் ஓடுகிறான். கயிற்றில் பாதி உயரம்வரை ஏறிவிடுகிறானாம். மீதிப் பாதியை அவன் ஏறும் நாள்வரை என் மனம் ஆறாது.

அவன் மறுபடி மொபெட் ஓட்டத் தொடங்கிய முதல் திங்கட்கிழமை, "நீ முன்னால போ, நான் பின்னால வர்றேன்" என்றான். எனக்குத் தயக்கமாக இருந்தது. ஒன்றும் பேசாமல் கிளம்பினேன். அன்றும் லேசான பனி. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னதாகவே பிரேக்கைத் தொட்டு, மெல்ல மெல்ல இறங்கினேன். பின்னால் என்ன தெரிகிறது என்பதை நான் எப்படி அறிவேன்? மொபெட்டின் சத்தம் மட்டும் ஒரே தொலைவில் கேட்டுக்கொண்டிருந்தது.

காரவள்ளியில் வண்டியை நிறுத்தினோம். அவன் இடது கையை உதறிவிட்டுக்கொண்டு, "எழுபது வளைவுலயும் எரிஞ்சுதுடா தம்பி, எண்ணிக்கிட்டே வந்தேன்" என்றான். தேநீருக்கு அன்று அவனே காசு கொடுத்தான்.

நண்பர்களே, பேராசிரியப் பெருமக்களே! இன்று மாலை கல்லூரி வண்டி நிறுத்துமிடத்திலிருந்து புறப்படும்முன், அருகில் நிற்பவரை ஒரு நிமிடம் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். முன் பிரேக்கை ஒருமுறையும் பின் பிரேக்கை ஒருமுறையும் பிடித்துவிட்டு, "எரிகிறதா?" என்று கேளுங்கள். பிறகு நீங்கள் போய் அவர் வண்டிக்குப் பின்னால் நில்லுங்கள்.